பின்சக்கரத்துக்கு எதற்கு இத்தனை பிடி?

பழைய என்டியூரோ பைக்கைப் பிரித்துப் புதிதாகப் பூட்டுகிறவர்கள் எழுதும் பட்டியலில் இப்போதெல்லாம் பிரேக் முதல் வரிக்கு வந்துவிட்டது. 2024-ல் ஸ்ராம் நிறுவனம் மேவன் பிரேக்கை இறக்கிய பிறகு இந்த மோகம் முற்றியே விட்டது. அதே நிறுவனத்தின் கோட் காலிப்பரில் இருக்கும் நாலு பிஸ்டன்களும் 15, 16 மில்லிமீட்டர். மேவனில் 18, 19.5. பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதையே முன்னும் பின்னும் ஜோடியாக மாட்டி, 200 மில்லிமீட்டருக்குக் குறையாத டிஸ்க்கும் போட்டால்தான் பைக் முழுமையாம். எதற்கு இவ்வளவு என்று கேட்டால் பதில் கைவசம் இருக்கிறது: பிடி அதிகமாக இருப்பதால் என்ன நஷ்டம், விரலை மெதுவாக அழுத்தினால் போயிற்று!

முன்சக்கரத்தைப் பொறுத்தவரை இந்தப் பதிலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆல்ப்ஸ் மலையில் அரைமணி நேரம் விடாமல் இறங்குகிறவருக்கு, ஒற்றை விரலில் போதிய பிடி கிடைப்பது பெரிய வரம். முன்கை இறுகி மரத்துப்போவது குறையும். கைப்பிடியைப் பற்ற மற்ற விரல்கள் மிஞ்சும். ஆள் கனமானவர் என்றாலோ, மோட்டார் வைத்த பைக் என்றாலோ பேச்சே இல்லை, பெரிய பிரேக்தான்.

தகராறு பின்சக்கரத்தில்தான்.

பிரேக் பிடித்தால் எடை முன்னால் போகும் என்பது சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போகும் என்றுதான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 1.25 மீட்டர், ஆளும் பைக்கும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்தால், மொத்த எடையில் 35 சதவீதம் முன்சக்கரத்துக்கு நகர்ந்துவிடும். உடம்பை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, பின்சக்கரத்தில் 60 சதவீத எடையை வைத்திருந்தவருக்கும் மிஞ்சுவது 25 சதவீதம்தான். இது ஏதோ அவசரத்தில் பிடிக்கும் பிரேக் அல்ல. 20 டிகிரியைத் தாண்டிய சரிவில் வேகம் கூடாமல் இறங்குவதற்கே கிட்டத்தட்ட இவ்வளவு பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆக முன்னால் 75, பின்னால் 25. இரண்டிலும் ஒரே காலிப்பர், ஒரே அளவு டிஸ்க். முன்சக்கரம் பூட்டிக்கொள்ள விரலில் எவ்வளவு அழுத்தம் தேவையோ, அதில் மூன்றில் ஒரு பங்கிலேயே பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின் பிரேக்கின் பயனுள்ள எல்லை முழுவதும் லீவரின் முதல் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. மீதி இரண்டு பங்குக்கும் காசு கொடுத்தாயிற்று. அதைத் தொட்டால் சக்கரம் சறுக்கும். விரலை மெதுவாக அழுத்தினால் போயிற்று என்கிற வாதம் உடைவது இங்கேதான். பைக் நிறுத்தும் ஸ்டாண்டில் வேண்டுமானால் மெதுவாக அழுத்தலாம். வேரும் கல்லுமாகக் கிடக்கும் சரிவில், கைப்பிடி குலுங்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு மணி நேரம் ஓட்டிக் களைத்த விரலுக்கு அந்தச் சின்ன இடைவெளி அகப்படாது.

இதில் வேடிக்கை, டயர் வாங்கும்போது இதே ஆட்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். முன்னால் மேக்ஸிஸின் மென்மையான மேக்ஸ்கிரிப் ரப்பர், பின்னால் அதைவிடக் கெட்டியான, சீக்கிரம் தேயாத மேக்ஸ்டெர்ரா என்று பிரித்து வாங்குகிறார்கள். அதாவது எடை குறைவான சக்கரத்துக்குப் பற்றும் குறைந்த டயரைத் தெரிந்தே போட்டுவிட்டு, பிரேக்கை மட்டும் முன்சக்கரத்துக்குச் சமமாகக் கட்டுகிறார்கள். சில வாரம் கழித்து அந்தப் பின் டயரைப் பாருங்கள். நடுவரிசைக் கட்டைகளின் முன்விளிம்பு உருண்டு, அடிப்பகுதியில் கீறல் விட்டிருக்கும். சறுக்கிச் சறுக்கி வந்த தேய்மானம் அது. சறுக்கும் சக்கரத்துக்கு நிறுத்தும் திறன் குறைவு என்பதோடு, பக்கவாட்டுப் பற்றும் போய்விடும். வளைவில் பைக்கின் பின்பாகம் தன் பாட்டுக்கு வெளியே நழுவும். ஒருவருடைய டயரோடும் இது முடிவதில்லை. வளைவுக்கு முன்னால் எல்லோரும் இப்படி இழுத்துப் பிடித்துத்தான் விஸ்லர் போன்ற பைக் பார்க்குகளின் பாதை அலை அலையாய்க் குழி விழுகிறது.

பின் பிரேக் வெகுநேரம் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறிப் பிடி இழக்கும், ஆகவே பெரிதுதான் வேண்டும் என்பார்கள். சூடு உண்மைதான். ஆனால் சூட்டைத் தாங்குவது டிஸ்க்கின் வேலை. பிஸ்டனைப் பெரிதாக்கினால் டிஸ்க் குளிர்ந்துவிடாது. 180-ஐ எடுத்துவிட்டு 203 மில்லிமீட்டர் போடுங்கள். பிடியும் 13 சதவீதம் கூடத்தான் செய்யும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்காக நாலு பிஸ்டன் எதற்கு?

வேகமாக இறங்க முரட்டுப் பிரேக்தான் வழி என்று நம்புகிறவர்கள் 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயத்தை நினைத்துப் பார்க்கலாம். கிளம்பிய வேகத்திலேயே ஏரன் குவின் என்ற வீரரின் செயின் அறுந்தது. பெடல் மிதிக்க வழியில்லாமலே முதலிடம் பிடித்தார். இழந்த வேகத்தைப் பெடலில் மீட்க முடியாதவருக்கு, பிரேக்கில் வீணாகும் ஒவ்வொரு துளி வேகமும் கணக்கு. அங்கே தேவைப்பட்டது அளந்து விடும் பிடி.

நான் சொல்வது புதுமை ஒன்றுமில்லை. ஜெர்மனியின் மகூரா, முன்னால் நாலு பிஸ்டனும் பின்னால் இரண்டு பிஸ்டனுமாக எம்டி டிரெயில் என்ற செட்டையே விற்றிருக்கிறது. லீவர் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஷிமானோ எக்ஸ்டியில் வழி இருக்கிறது: எம்8100 லீவரே நாலு பிஸ்டன் காலிப்பருக்கும் சேரும், இரண்டு பிஸ்டன் காலிப்பருக்கும் சேரும். முன்னால் அது, பின்னால் இது. கூடுதல் பேடு வாங்கும்போது இரண்டு வகையாக வாங்கிப் பையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. பின்சக்கரத்திலும் நாலு பிஸ்டன் மின்னினால்தான் பைக் பார்க்க எடுப்பாக இருக்கும் என்பவருக்கு என்னிடம் பதில் கிடையாது; அவர் பிரேக் வாங்கவில்லை.