‘76 டேஸ்’: தாத்தா என்று கூப்பிடுபவர்கள்

வுஹான் நகரம் 2020 ஜனவரி 23 அன்று மூடப்பட்டது. திறக்கப்பட்டது ஏப்ரல் 8 அன்று. அந்த நாட்களில் அங்கே நான்கு மருத்துவமனைகளுக்குள் எடுக்கப்பட்ட ஆவணப்படம் ‘76 டேஸ்’. இயக்கியவர்கள் ஹாவ் வு, வெய்ஷி சென், பெயர் சொல்லாத இன்னொருவர். பின்னணிக் குரல் இல்லை, பேட்டி இல்லை. சாகக் கிடக்கும் முதியவரை எப்படிக் கண்ணியமாக நடத்துவது என்று எந்த நர்ஸிடமும் படம் கேட்பதில்லை. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை வேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நினைவு தடுமாறும் ஒரு பெரியவர் வார்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். அவருக்கு வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். கவச உடைக்குள் வேர்த்து நிற்கும் நர்ஸுகள் ‘தாத்தா’ என்று கூப்பிட்டுத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். மறுபடி எழுந்துவிடுகிறார். முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். இரண்டாம்முறை அந்த ‘தாத்தா’ உறுத்தியது. அது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் நம்மூர் வார்டுகளிலும் ‘தாத்தா, சமத்தா படுங்க’ என்பதோடு அவர் பேச்சு எடுபடாமல் போகும். உறவுமுறை சொல்லி அழைப்பது மட்டுமே மரியாதை ஆகிவிடாது.

மரியாதையை நான் வேறொரு இடத்தில் பார்த்தேன். இறந்தவர்களின் அடையாள அட்டைகளும் செல்போன்களும் பெட்டியில் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு போன் அடிக்கிறது. தலைமை நர்ஸ் அவற்றைத் துடைத்து, குடும்பங்களைத் தேடி, மன்னிப்புக் கேட்டபடி ஒப்படைக்கிறார். இனி அந்த நோயாளிக்குச் சிகிச்சை எதுவும் பாக்கியில்லை. இருந்தும் வேலை முடிந்ததாக அவர் நினைக்கவில்லை.

படத்தின் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. 2020 மார்ச்சில் இத்தாலியின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம், ஐசியு அனுமதிக்கு வயது வரம்பு வைக்க நேரலாம் என்று எழுதியது. நான் ப்ரோக்ராம் எழுதுபவன். வயதை ஒரு கண்டிஷனாக வைக்க எனக்கு ஒரு வரி போதும். அந்த வரியைக் கட்டில் அருகே நின்று நிறைவேற்றுபவர் நர்ஸ். மருத்துவமனைக் கதவைக் கூட்டம் தட்டும் காட்சியில் இந்தக் கேள்விக்கு வெகு அருகில் வருகிறது படம். யார் உள்ளே, யார் வெளியே? எல்லோருக்கும் இடமுண்டு என்ற சமாதானத்தோடு நகர்ந்துவிடுகிறது. பிழைத்து வீடு திரும்பும் தாத்தாவின் கதை நமக்குக் கிடைக்கிறது. வென்டிலேட்டரில் கிடந்தவர்களோ, கேமராவுக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாதவர்கள்.

இருந்தாலும் பாருங்கள். அந்த போன் அடிக்கும்போது அறையில் யாரும் பேசாமல் இருப்பதற்காகவாவது.