வயிற்றுக் கட்டுக்குக் கீழே

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைப்பேறு என்றால் இன்னமும் இரண்டு வைத்தியம் சேர்ந்தே நடக்கும். ஒன்று களுபோவில போதனா வைத்தியசாலையிலோ தனியார் மருத்துவமனையிலோ. மற்றது தொடர்மாடி வீட்டுக் குசினியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய அம்மம்மா சரக்கு அரைப்பார், நொச்சியிலை அவித்த தண்ணீர் வார்ப்பார், பழைய நூல் சேலையைக் கிழித்து மகளின் வயிற்றை இறுக்கிக் கட்டுவார். முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை தாய்க்கு ஓய்வு. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் பிரசவத்தில் மிக அதிகமாக இழுபடும் தசையைப் பற்றி இரண்டு பக்கத்திலும் பேச்சு குறைவு.

இடுப்புத்தளத் தசை முன்னிடுப்பு எலும்பிலிருந்து வாலெலும்புவரை ஏணைத் துணிபோல விரிந்து, சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகிறது. பிள்ளையின் தலை வெளிவரும்போது அதன் உட்பகுதி இயல்பு நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீள்வதாகக் கணினி மாதிரி ஆய்வு காட்டியது. பிரசவமான முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்குச் சலம் கசிகிறது என்கின்றன பல நாட்டு ஆய்வுகள். இருமினால், தும்மினால், பிள்ளையைத் தூக்கினால் கசியும். சிசேரியன் இந்த ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. மாதக்கணக்காகச் சுமந்த பாரம் அந்தத் தாய்க்கும் உண்டுதானே.

இந்த இடத்திலிருந்து பார்த்தால், நம் வழக்கத்தின் மிகச் சிறந்த பகுதி அந்த ஓய்வுதான். தண்ணீர்க் குடம் தூக்காதே, குனிந்து கூட்டாதே, படி ஏறி இறங்காதே என்று அம்மம்மா சொல்வது காயப்பட்ட தசைக்கு நேரடி உதவி. பேறுகால விடுப்பு இல்லாத கூலி வேலைக்காரிக்கு, கொட்டாஞ்சேனையிலும் சரி வேறெங்கும் சரி, இந்த ஓய்வு கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வயிற்றுக் கட்டைப் பற்றி அப்படி ஒரே வார்த்தையில் சொல்லமுடியாது. அளவாகக் கட்டினால் தளர்ந்த வயிற்றுக்கு ஆதரவு. சிசேரியன் தையல் உள்ளவர்களுக்கு எழும்பி நடக்கும்போது நோவு குறைவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் கட்டினால்தான் கர்ப்பப்பை மேலேறும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அது ஆறு கிழமையளவில் தானாகவே சுருங்கிவிடும். மூச்சு முட்ட இறுக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் போவது கீழே, ஏற்கெனவே நைந்துபோன தளத்தின் மேல். இறுக்கக் கட்டினால் வயிறு வற்றும் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சேலையைவிட எனக்குக் கவலை தருவது பத்தியம். மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு சேர்ந்த சரக்குக் கறியில் குறை சொல்ல எதுவுமில்லை. தண்ணீரைக் குறை, கீரையும் பழமும் குளிர்ச்சி என்று விலக்குவதில்தான் பிழை. பாலூட்டும் உடம்புக்குத் தண்ணீர் கூடத்தான் வேண்டும். அதைத் தடுத்தால் மலம் இறுகும். தையல் நோவோடு தாய் முக்குவாள். ஒரு மாத ஓய்வு தந்த நன்மையை அந்த முக்கல் கெடுத்துவிடும்.

சலக் கசிவுக்கு மருத்துவம் தரும் மறுமொழி இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கீகல் 1948இல் அதை முறைப்படுத்தினார். 46 ஆய்வுகளைத் திரட்டிய 2020ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பீட்டின்படி, கசிவில்லாத பெண்கள் கர்ப்பத்திலேயே முறையாகப் பயின்றால் கர்ப்பத்தின் கடைசிக் காலத்தில் கசிவு ஏற்படும் ஆபத்து 62 வீதம் குறைகிறது. பிரசவித்த மூன்று முதல் ஆறு மாதங்களில் 29 வீதம். பிரசவத்துக்குப் பின் கசியத் தொடங்கியவர்களுக்கு இதே பயிற்சி எவ்வளவு உதவும் என்பதில் அந்தத் திரட்டு அவ்வளவு உறுதியாக இல்லை. ஆகவே தொடங்கவேண்டிய காலம் கர்ப்பம்.

ஆனால் துண்டுப்பிரசுரம் கொடுத்துப் போதுமென்று விடுவது ஏமாற்று. வாய்ச்சொல்லால் மட்டும் விளங்கப்படுத்தப்பட்ட பெண்களில் பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள் என்று 1991இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு கண்டது. கால்வாசிப் பேர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் கீழ்நோக்கித் தள்ளினார்கள். காற்றை அடக்குவதுபோல உள்ளே மேலிழுத்து, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்தவேண்டும். மூச்சை அடக்கக்கூடாது. எட்டுத் தரம் வீதம், நாளுக்கு மூன்று வேளை. தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஏற்கெனவே இறுகி நோகும் தசை உள்ளவர் பரிசோதனையின்றித் தொடங்கக்கூடாது. பிரான்சில் பிரசவித்த பெண்ணுக்கு இந்தப் பயிற்சியை ஆளோடு இருந்து கற்பிக்கிறார்கள். செலவை அரச காப்புறுதி ஏற்கிறது.

இலங்கைக்கு அந்த அளவு பணமில்லை. ஆனால் வீடு தேடி வரும் மிட்வைஃப் உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த இந்த ஏற்பாடு, பேறுகால மரணத்தை ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு முப்பதையொட்டிக் கொண்டுவர உதவியது. இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல், பால் என்று உயிராபத்தை முதலில் பார்ப்பது நியாயமே. மரணத்தை இவ்வளவு குறைத்த பிறகாவது சலத்தைப் பற்றிய கேள்வியும் ஒவ்வொரு வருகையிலும் வரவேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்க, தடுமாறும் சிங்களத்தில், ஒரு தமிழ்ப் பெண் இதைத் தானாகச் சொல்வாள் என்று காத்திருப்பது கொடுமை. தமிழ் பேசும் உத்தியோகத்தர், தனியாகப் பேச ஐந்து நிமிடம்: பெரிய செலவில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஓய்வு இருக்கட்டும், சரக்குக் கறியும் இருக்கட்டும். கட்டைத் தளர்த்துங்கள், தண்ணீரைத் தடுக்காதீர்கள். பிரசவித்து ஆறு கிழமை கழித்துக் கிளினிக்குப் போகும் தாய்மாரே, இருமும்போது கசிகிறதா, அடிவயிற்றில் பாரமாக ஏதும் இறங்குவதுபோல் இருக்கிறதா என்று அங்குள்ளவர்கள் கேட்காவிட்டால், நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள்.