விரலை எடுக்கும் நேரம்

1971-இன் பிரிட்டிஷ் ப்ராக்ரசிவ் ராக் ஆல்பங்களைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள்கூட மெல்லோட்ரான் என்ற கீபோர்டைத் தவறாகவே கேட்கிறார்கள். கிட்டார் ரிஃபுக்கும் டிரம்ஸுக்கும் மதிப்பெண். மெல்லோட்ரான் வந்தால் ‘அலங்காரம்’ என்று ஒதுக்கிவிடுவது. ஹெவி ராக் ரசிகர்களோ அதைப் பலவீனம் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பர்மிங்ஹாமில் செய்த அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப் உண்டு. அழுத்தினால் அதில் பதிந்த வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். சுமார் 8 விநாடியில் டேப் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால்தான் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பும். எதை அழுத்துவது என்பது எல்லா கீபோர்டு கலைஞருக்கும் உள்ள கேள்வி. எப்போது விடுவது என்பதுதான் இங்கே ஆட்டம்.

இதற்கு ஓர் உதாரணம், லெஸ்டர் நகரக் குழு ஒன்று வேல்ஸின் ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் பதிவு செய்து, ஆர்.சி.ஏ.-வின் நியான் லேபிளில் 1971-இல் வெளியிட்ட ஆல்பம். மூன்றாக மடியும் உறை. அதன் டிரம்மர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற குழுவில் வாசித்தவர் என்பதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். பாடகர், கிட்டார்க்காரர், கீபோர்டுக்காரர் என்று மூன்று பேர் மெல்லோட்ரான் வாசித்ததை ‘மிகை’ என்று தள்ளிவிடுவார்கள்.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தப் பாடகரைத்தான். தன் மூச்சு எங்கே முடியும் என்று அறிந்தவர், டேப் எங்கே முடியும் என்பதையும் அறிந்தே வாசிக்கிறார் என்று என் காது சொல்கிறது. வரி முடிகிற இடத்தில் வயலின் ஒலி அறுந்துபோவதில்லை; தொடர் ஓட்டத்தில் குச்சி கைமாறுவதுபோல இன்னொரு ஒலி அதை வாங்கிக்கொள்கிறது. மூன்று பேர் எதற்கு என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டுமா? இவர் பிற்பாடு அதே ராக்ஃபீல்டில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்ததில் எனக்கு வியப்பே இல்லை.

விற்பனை படுத்தது, லேபிளும் நிலைக்கவில்லை. அதை வைத்து வாசிப்பை எடைபோடக் கூடாது.

இன்றைய மென்பொருள் மெல்லோட்ரானில் ஒலியை முடிவில்லாமல் நீட்ட முடிகிறது. அடுத்த சில ஆண்டுகளில் இளம் குழுக்கள் அந்த வசதியைத் தாங்களாகவே அணைத்து வைக்கும், பாருங்கள். அப்போது அவர்கள் பாடம் கேட்கப் போவது பெரும்புகழ் ஆல்பங்களிடம் அல்ல. நியான், வெர்டிகோ, டான் லேபிள்களில் விற்காமல் கிடந்தவற்றிடம். முதலில் தேடப்படுவது இந்த மூன்று மடிப்பு உறைதான். ஹெவி ராக் குழுக்களே அதை முதலில் எடுக்கும் என்றும் சொல்லிவைக்கிறேன்.