கடைசிக் கம்பத்தில் கூடும் வோல்ட்

கடைசிக் கம்பத்து மோட்டார்தான் முதலில் புகையும். கொங்கு நாட்டில் கிணறு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய தோட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நாலு காடு தள்ளி, லைன் முடிகிற இடத்தில் மோட்டார் முனகும், சூடேறும், ஒருநாள் காயில் போய்விடும். அந்தக் காயிலைத் திரும்பக் கட்டிக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. தூரம் போகப் போக வோல்டேஜ் குறையும் என்பது எங்கள் ஊரில் பாடமே இல்லை, பிறவி ஞானம்.

அந்த ஞானத்தைத் தலைகுப்புறக் கவிழ்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. மின்கடத்து லைன்களை அவற்றின் நீளத்துக்கு ஏற்ற மாதிரி காகிதத்தில் வரைந்து, அந்தக் கம்பி என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்கிற கணக்கு. மின் பொறியியல் படித்தவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார்கள்: 80 கிலோமீட்டருக்குள் ஷார்ட் லைன், 250 வரை மீடியம் லைன், அதற்கு மேல் லாங் லைன். பாவம், இப்படி மூன்று வரியில் எழுதினால் எது ருசிக்கும்? நான் சொல்கிறேன் கேளுங்கள், இதைவிட ருசியான விஷயம் கோயம்புத்தூரில் அன்னபூர்ணா ஓட்டல் சாம்பார் ஒன்றுதான்.

முதலில் ஷார்ட் லைன். கோவையின் கதையே ஒரு ஷார்ட் லைனில்தான் ஆரம்பிக்கிறது. நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரை 900 மீட்டருக்கு மேல் குழாயில் இறக்கி, சிங்காராவில் 1932-ல் மின்சாரம் எடுத்தார்கள். அங்கிருந்து கோவை நேர்கோட்டில் 65 கிலோமீட்டர் போலத்தான். 66 கிலோவோல்ட் லைன் மலையிறங்கி வந்தது, பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் வரிசைகட்டி எழுந்தன, 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரே செய்துவிட்டார்கள். இந்தியாவின் முதல் மோட்டார் அதுதான் என்று சொல்லாத கோவைக்காரர் உண்டா? அந்த லைனைக் காகிதத்தில் போட ஒரு மின்தடையும் ஒரு இண்டக்டன்ஸும் போதும், இரண்டும் ஒரே வரிசையில். தோட்டத்து லைனுக்கும் இதே படம்தான். வோல்டேஜ் குறைகிறது, மோட்டார் முனகுகிறது, சரி.

மீடியம் லைனில்தான் விளையாட்டு தொடங்குகிறது. கம்பிக்கும் பூமிக்கும் நடுவே காற்று இருக்கிறது. இரண்டு கடத்திக்கு நடுவே காற்று இருந்தால் அது கெப்பாசிட்டர். லைன் நீள நீள அந்தக் கெப்பாசிட்டரும் வளர்கிறது. அதை இரண்டாகப் பிளந்து பாதியை இந்த முனையிலும் பாதியை அந்த முனையிலும் தொங்கவிட்டால் கிரேக்க எழுத்து பை போல ஒரு படம் வரும். இதற்குப் பெயரே பை மாடல்தான்.

கல்லூரி ஆய்வகத்தில் இந்தப் பைகளைச் சங்கிலியாகக் கோர்த்து ஒரு மேசை வைத்திருப்பார்கள். காயிலும் கெப்பாசிட்டரும் அடுக்கிய பெட்டிகள், ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டர் லைனுக்குச் சமம். ஒருமுறை நான் நாலு பெட்டியைக் கோர்த்தேன். மறுமுனையில் எந்த லோடும் இல்லை. இந்த முனையில் 200 வோல்ட் கொடுத்தேன். அந்த முனை மீட்டரில் 218! நான் மீட்டரைத் தட்டியதைப் பார்த்து ஆய்வக உதவியாளர் சிரித்தார். "மீட்டர் நல்லாத்தான் இருக்குது தம்பி. லோடைப் போட்டுப் பாரு, தானா இறங்கும்." போட்டேன், இறங்கியது. எடுத்தேன், ஏறியது. கடைசிக் கம்பத்தில் வோல்ட் கூடுகிறது! காயில் கட்டிப் பிழைக்கிற குடும்பத்துப் பையனுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேண்டுமா?

இது ஃபெராண்டி விளைவு. 1890 வாக்கில் லண்டனில் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்தின் 10,000 வோல்ட் கேபிளில் இதைக் கண்டு அசந்தார்கள். அந்த நிலையத்தைக் கட்டிய ஃபெராண்டியின் பெயர் நிலைத்துவிட்டது. லோடு இல்லாத லைனில் ஓடுவது அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பும் கரண்ட் மட்டும். அது இண்டக்டன்ஸ் வழியாகப் போகும்போது வோல்டேஜைக் குறைக்காமல் ஏற்றிவிடுகிறது.

எவ்வளவு ஏறும்? இந்த இடம் அற்புதம். மின் அலை கம்பியில் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆக ஒரு சுற்று முடிவதற்குள் அலை 6000 கிலோமீட்டர் போய்விடும். 6000 கிலோமீட்டர் என்றால் 360 டிகிரி, கிலோமீட்டருக்கு 0.06 டிகிரி. சிங்காரா–கோவை 4 டிகிரிகூட இல்லை, அதனால்தான் அது ஷார்ட் லைன். லைனின் நீளத்தை டிகிரியாக்கிக் கொசைன் எடுத்து, அனுப்பும் வோல்டேஜை அதால் வகுத்தால் மறுமுனை வோல்டேஜ் வந்துவிடும். இழப்பை விட்டுவிட்டால் கணக்கு இவ்வளவுதான். கோவையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டரில் 400 கிலோவோல்ட் லைன் ஒன்றைக் கற்பனையாக இழுத்துப் பாருங்கள். 30 டிகிரி. லோடு இல்லாத சென்னை முனையில் 462 கிலோவோல்ட் நிற்கும். எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்?

லாங் லைனில் கெப்பாசிட்டரை இரண்டு முனையில் மட்டும் தொங்கவிட்டால் போதாது. கம்பியின் ஒவ்வொரு சாணிலும் கொஞ்சம் தடை, கொஞ்சம் இண்டக்டன்ஸ், கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் என்று தூவ வேண்டும். அங்கே ஹைபர்பாலிக் கொசைனும் சைனும் வருகின்றன. பலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: இந்தச் சார்புகளை மின்லைன் கணக்குக்குள் பழக்கப்படுத்தியவர் ஆர்தர் கென்னலி, 1861-ல் பம்பாய் கொலாபாவில் பிறந்தவர். நம் ஊர்க்காரர் மாதிரி நினைத்துக்கொண்டு படியுங்கள், பயம் போய்விடும்.

நான் இதையெல்லாம் எக்செல்லில்தான் போட்டுப் பார்க்கிறேன். கலப்பெண்களுக்கு ஹைபர்பாலிக் கொசைன் எடுக்க ஐஎம்கோஷ் என்று ஒரு சார்பு அதிலேயே இருக்கிறது. பட்டறைக் கணக்கு எழுதும் அதே கம்ப்யூட்டர் போதும். ஒரு பத்தியில் பை மாடல், பக்கத்துப் பத்தியில் அசல் கணக்கு. 250 கிலோமீட்டரில் 400 கிலோவோல்ட் லைனின் மறுமுனைக்கு இரண்டும் 414 என்கின்றன, வித்தியாசம் 0.1 கிலோவோல்ட்டைத் தொடவில்லை. 500-ல் கிட்டத்தட்ட 2 கிலோவோல்ட் விலகுகிறது. 1500-ஐத் தட்டினால் பை மாடல் எதிர்க்குறி போட்டு உளறுகிறது, அசல் கணக்கு முடிவிலியை நோக்கிப் பாய்கிறது. 250 என்ற எல்லையை யாரோ மேலே இருந்து விதித்தது போலப் பாடத்தில் எழுதியிருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று கண்ணெதிரே தெரிகிறது!

நீளம் மட்டுமே எல்லாம் இல்லை, இதைப் பாடப் புத்தகங்கள் போதுமான அளவு சொல்வதில்லை. உடுமலையிலிருந்து அரசூருக்குப் போகும் லைன் 60 கிலோமீட்டர் போல. அட்டவணைப்படி ஷார்ட் லைன், கெப்பாசிட்டரை மறந்துவிடலாம். ஆனால் 400 கிலோவோல்ட்டில் அந்த 60 கிலோமீட்டரே 30 மெகாவாருக்கு மேல் ரியாக்டிவ் பவரை உற்பத்தி செய்கிறது. ஆடிக் காற்றில் உடுமலை, பல்லடம் காற்றாலைகள் சுழன்று லைன் நிறையச் சுமந்தால் இண்டக்டன்ஸ் அதை விழுங்கிவிடும். மழை பெய்து மோட்டார்களும் ஏசிகளும் அடங்கிய ராத்திரியில்? வோல்டேஜ் ஏறும். அதை விழுங்க சப்-ஸ்டேஷனில் ரியாக்டர் என்ற காயிலைச் சேர்ப்பார்கள். அடங்காவிட்டால் நல்ல லைனையே திறந்து வைப்பார்கள். கெப்பாசிட்டர் தருவதும் இண்டக்டன்ஸ் விழுங்குவதும் சரிக்குச் சரியாகி வோல்டேஜ் தட்டையாக நிற்கிற ஒரு சுமை உண்டு. வழக்கமான 400 கிலோவோல்ட் லைனுக்கு 500 மெகாவாட் சுற்றுவட்டாரத்தில். செயின்ட் கிளேர் என்பவர் 1953-ல் ஒரு வளைகோடு வரைந்தார்: 80 கிலோமீட்டர் லைனில் இந்தச் சுமையைப் போல மூன்று மடங்கு அனுப்பலாம், 480 கிலோமீட்டரில் ஒரு மடங்குதான். அதே கம்பி, அதே டவர்! இங்கே பேரம் பேசுவது நீளம்.

இப்போது நான் கொண்டாடும் லைனுக்கு வருகிறேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் லைன். பிளஸ் மைனஸ் 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட், சுமார் 1765 கிலோமீட்டர். டிகிரியாக்கிப் பாருங்கள்: 105-க்கு மேல். எதையும் சேர்க்காமல் நம் சாதாரண ஏசி மின்சாரத்தில் இதை இழுத்தால், கொசைன் பூஜ்யமாகும் 1500 கிலோமீட்டரையே தாண்டிவிடும். அதனால்தான் அலைவெண்ணே இல்லாத, ஒரே திசையில் ஓடும் டிசி. எக்செல்லில் அலைவெண் கட்டத்தில் 50-ஐ அழித்துவிட்டு 0 போட்டேன். பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று பிழைச் செய்தி வந்தது. நான் கைதட்டிவிட்டேன்! கெப்பாசிட்டரும் இண்டக்டன்ஸும் காணாமல் போய்விட்டன, வகுக்க எதுவுமில்லை. மிச்சம் இருப்பது மின்தடை ஒன்றுதான். முழுச் சுமையில் ஒவ்வொரு துருவத்திலும் 3750 ஆம்பியர். தடையால் பெருக்கினால் வோல்டேஜ் இழப்பு. ஓம் விதி, பள்ளிப் பாடம். கொங்கு மண்ணை எட்டும் இந்த மாபெரும் லைனுக்கு, தோட்டத்து லைனைவிட எளிய படம்!

புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 2000 மெகாவாட், 320 கிலோவோல்ட் டிசி லைன் இன்னொரு விருந்து. 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கி வைத்தார். கேரளத்துக்குள் 27 கிலோமீட்டர் போல நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. கேபிளுக்குள் கடத்தியும் உறையும் நெருங்கி இருப்பதால், காற்றில் தொங்கும் கம்பியைவிடக் கெப்பாசிட்டன்ஸ் 20 மடங்கு போல வரும். ஏசியில் 27 கிலோமீட்டர் கேபிள் பல நூறு கிலோமீட்டர் லைன் போல நடந்துகொள்ளும். டிசி அதைக் கண்டுகொள்வதே இல்லை.

திருப்பூர், ஈரோடு பக்கம் டவர் வேண்டாம், நிலத்தடியில் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் போராடியபோது, அது முடியாது என்று ஒரே வார்த்தையில் சொன்னவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 320 கிலோவோல்ட் டிசியில் முடியும், பக்கத்து மாநிலத்தில் செய்தே காட்டிவிட்டார்கள். 800 கிலோவோல்ட்டில், அத்தனை நூறு கிலோமீட்டருக்கு என்பது வேறு பேச்சு. அங்கே செலவும் கேபிள் தொழில்நுட்பமும் குறுக்கே நிற்கின்றன. லைன் மாடலைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இரண்டையும் பிரித்துப் பேசலாம்.

இன்னும் முடியவில்லை என்பதுதான் என் சந்தோஷம். டிசி லைனுக்கு ஓம் விதி போதும் என்பது அமைதியாக ஓடும்வரைக்கும்தான். வழியில் எங்காவது இடி விழட்டும். அலை இரண்டு பக்கமும் ஓடி, முனையில் மோதித் திரும்பும், அந்த மில்லிநொடிகளில் அது மறுபடி லாங் லைன். அதற்கு ஹெர்மன் டாமல் 1960-களில் எழுதிய முறை இருக்கிறது: லைனின் இரு முனையையும் பிரித்து, அலை போய்ச் சேரும் நேரத்தைத் தாமதமாக வைத்துப் போடுவது. 1765 கிலோமீட்டருக்குத் தாமதம் 6 மில்லிநொடி வருகிறது. பட்டறை மூடிய பிறகு எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு மைக்ரோநொடி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.