வெள்ளி டம்ளரில் ஒரு ஜூலெப்

மின்ட் ஜூலெப்புக்கு ஈடான கோடைக்காலப் பானம் உலகத்தில் கிடையாது. இதை நான் சத்தியம் பண்ணியே சொல்வேன். போர்பன் விஸ்கி, புதினா, சர்க்கரை, ஐஸ். நாலே நாலு பொருள். குலுக்க ஷேக்கர் வேண்டாம், பிழிய எலுமிச்சை வேண்டாம், மேலே ஊற்ற சோடா வேண்டாம். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்துக்குக் குடிவந்த பிறகுதான் இந்தப் பானம் எனக்கு அறிமுகம். வீட்டில் கலக்கப் பழகிய பிறகு எந்த பாரிலும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. பாரில் எப்போதும் அவசரம். ஜூலெப்புக்கு அவசரம் ஆகவே ஆகாது.

மே மாதம் முதல் சனிக்கிழமை வந்தால் இந்த ஊருக்கே கல்யாணக் களை வந்துவிடும். சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். 1875-லிருந்து நடக்கிறது. 1938 முதல் அதன் அதிகாரபூர்வமான பானம் ஜூலெப்தான். டெர்பியும் அதற்கு முந்தின நாள் ஓக்ஸ் பந்தயமும் சேர்த்து இரண்டு நாளில் சுமார் 1,20,000 ஜூலெப் போகிறது என்பார்கள். அத்தனை கூட்டத்துக்குப் பாட்டிலில் முன்னாலேயே கலந்து வைத்ததைத்தான் ஊற்ற முடியும். அதைக் குடித்துவிட்டு "ஜூலெப் என்றால் வெறும் இனிப்புத் தண்ணி" என்று முடிவு கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு டம்ளர் கையில் கொடுத்தால் போதும், பேச்சே மாறிவிடும்.

எல்லாம் ஐஸில் இருக்கிறது. கட்டி ஐஸைப் போட்டால் அது ஜூலெப் இல்லை, ஐஸ் போட்ட விஸ்கி. ஐஸ் கல் உப்பு அளவுக்கு நொறுங்க வேண்டும். அமெரிக்க பார்களில் இதற்கென்றே முரட்டுத் துணியில் தைத்த பையும் ஒரு மரச் சுத்தியலும் வைத்திருப்பார்கள். நான் அதைத் தேடிப் போகவில்லை. ஊரில் ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையும் பூரிக்கட்டையும் போதும். பை நிறைய ஐஸைப் போட்டு, வாயை முறுக்கிப் பிடித்து, பலகையில் வைத்து நாலு சாத்து சாத்தினால் தூளாகிவிடும். துணிப்பைதான் வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. அடிக்கும்போது உருகுகிற தண்ணீரையெல்லாம் துணி உறிஞ்சிவிடும், உள்ளே ஐஸ் உலர்ந்து, மணல் மாதிரி சரசரவென்று கொட்டும். மிக்ஸியில் போட்டு அரைப்பதில் இந்த உலர்ச்சி வருவதில்லை, பாதி தண்ணீராகிவிடுகிறது.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜ் வராத காலத்தில் ஜூலெப்புக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றார் பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடெரிக் டியூடர். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல் போனது. பிறகு சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் என்று ஜூலெப் குடித்த தெற்கத்திய ஊர்களுக்கெல்லாம் அவர் ஐஸ் போனது. 1833-ல் கல்கத்தா வரை வந்தது. மெட்ராஸுக்கு வந்த ஐஸைச் சேர்த்துவைக்கக் கட்டியதுதான் மெரினாவில் இன்றைக்கும் நிற்கிற ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். ஒரே மனிதரின் ஐஸ் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஜூலெப்பையும் நம் கடற்கரையையும் தொட்டிருக்கிறது என்று நினைக்கையில் எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்தது கோப்பை. ஜூலெப்புக்கு முறையான கோப்பை வெள்ளிதான். இங்கே அது விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆடம்பரம். நம் வீடுகளிலோ சீரில் வந்த வெள்ளி டம்ளர் பீரோவுக்குள் துணி சுற்றித் தூங்குகிறது. எடுங்கள் அதை! உலோகங்களிலேயே சூட்டை வேகமாகக் கடத்துவது வெள்ளி. நொறுங்கிய ஐஸோடு மது சேரும்போது கலவை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கும். டம்ளரின் சுவரும் கூடவே குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் வெளிப்பக்கத்தில் வந்து ஒட்டி அப்படியே உறையும். கலக்கக் கலக்க, பளபளவென்று இருந்த வெள்ளி மேலே மங்கலாகி, பிறகு வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். நகத்தால் கீறினால் கோடு விழும். காபி டம்ளரைப் பிடிப்பதுபோல் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், உள்ளங்கைச் சூடு பட்டால் பூத்தது போய்விடும். வெள்ளி இல்லாதவர்கள் மெல்லிசான எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளலாம், அதிலும் பூக்கும்.

புதினாவைத் துவைத்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. வாசனை எண்ணெய் இலையின் மேல்தோலில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. லேசாக அழுத்தினாலே உடைந்து மணம் வந்துவிடும். நசுக்கிக் குழைத்தால் இலையின் பச்சைக் கசப்பும் சேர்ந்து இறங்கும். டாம் புல்லக் சொன்னதும் இதுதான். இதே லூயிவில்லில் 1872-ல் பிறந்தவர். பெண்டென்னிஸ் கிளப்பிலும் பிறகு செயின்ட் லூயிஸிலும் பானம் கலக்கியவர். 1917-ல் பானங்களைப் பற்றிய புத்தகம் போட்ட முதல் கறுப்பின அமெரிக்கர். அவருடைய கென்டக்கி பாணி ஜூலெப்பில் வெள்ளிக் கோப்பை உண்டு, பொடி ஐஸ் உண்டு. புதினா மேலே கொத்தாக மட்டும், அதையும் கசக்கிவிடாதே என்று எச்சரிக்கிறார். அவர் கைப்பக்குவத்துக்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. தன்னைக் குடிகாரர் என்று எழுதிய பத்திரிகைக்காரர் மேல் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் போட்ட அவதூறு வழக்கு 1913-ல் விசாரணைக்கு வந்தது. செயின்ட் லூயிஸில் ஒரு ஜூலெப்பில் கொஞ்சம் மட்டுமே குடித்தேன் என்று சாட்சி சொன்னார். டாம் கலந்த ஜூலெப்பில் மிச்சம் வைக்க மனிதனால் முடியுமா என்று அந்த ஊர்ப் பத்திரிகை தலையங்கமே எழுதிவிட்டது! வழக்கில் ரூஸ்வெல்ட் ஜெயித்தார், நஷ்ட ஈடு 6 சென்ட்.

போர்பனுக்கு வருவோம். தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் பீப்பாயில் ஊறல், இதுதான் சட்டம். சோளத்தின் இனிப்பும் கருகிய ஓக்கின் வெனிலா மணமும் புதினாவோடு கூடிக்கொள்வதுபோல் வேறெந்த விஸ்கியும் கூடுவதில்லை. ஐஸ் உருகி நீர்க்கும் என்பதால் 50 சதவீத மது உள்ள பாட்டிலாக எடுங்கள். 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று லேபிளில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1897 சட்டப்படி அது ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டு பீப்பாயில் கிடந்து, சரியாக 50 சதவீதத்தில் அடைத்தது. ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் போதும், பெரிய விலையெல்லாம் வேண்டாம்.

இனி என் செய்முறை. புல்லக்கைத் தலைமேல் வைத்துக்கொண்டே நான் அடியிலும் 8 இலை போடுகிறேன். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு 15 மில்லி அதன்மேல் ஊற்றி, கரண்டிக் காம்பால் நாலைந்து முறை மெதுவாக அழுத்துவேன். அந்த இலையையே எடுத்து டம்ளரின் உள்சுவரில் ஒரு சுற்றுத் தேய்ப்பேன். 60 மில்லி போர்பன். பாதி வரை ஐஸ். விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவர் பூக்கும்வரை கலக்கல். பிறகு கோபுரமாக ஐஸைக் குவித்து, ஒரு பெரிய புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிச் செருகுவேன். பாகிலேயே புதினாவைப் போட்டுக் காய்ச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் வெந்த கீரை வாசம்தான் வருகிறது.

ஸ்ட்ராவைக் கொத்தை ஒட்டிச் செருகி, கொத்தின் உயரத்துக்கே வெட்டிவிடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் மூக்கு புதினாவுக்குள் புகும். முதல் வாய் காரமாக இறங்கும், புதினா மூச்சோடு கலக்கும், பற்கள் கூசும். பாதிக்கு வரும்போது ஐஸ் கொஞ்சம் இளகி, காரமும் இனிப்பும் ஒன்றாகி, வெனிலாவும் லேசான புகையுமாக நாக்கில் படரும். அந்த நடுப்பாதிக்காகவே நான் ஜூலெப் கலக்குகிறேன். அடியில் மிச்சமாகும் குளிர்ந்த இனிப்பு நீரையும் விட மனசு வராது.

இது வீரியமான பானம். ஒரு மாலைக்கு ஒன்று, அதுவும் வண்டி ஓட்டுகிற வேலை எதுவும் இல்லாத மாலையாகப் பார்த்து. போர்பன் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள். வரும் சனிக்கிழமைக்கு ஃப்ரீசர் நிறைய ஐஸ் வையுங்கள், ஒரு கட்டுப் புதினா வாங்குங்கள், பீரோவைத் திறந்து அந்த வெள்ளி டம்ளரை வெளியே எடுங்கள்.