மின்சுமை இல்லாத கிளைசின்

அமினோ அமிலங்களை மனப்பாடம் பண்ண ஆளாளுக்கு ஒரு சூத்திரம் வெச்சிருக்காங்க. அத்தியாவசிய அமிலங்களுக்கு 'பிவிடி டிம் ஹால்' ரொம்பப் பிரபலம். பேரு மறக்காது, அந்த மட்டுக்கும் சரி. என்னோட சண்டை சூத்திரத்தோட இல்ல, கூடவே வர்ற படத்தோட.

கிளைசினை எடுத்துக்கங்க. பல புத்தகங்கள்ல ஒரு முனையில அமினோ தொகுதி, மறுமுனையில கார்பாக்சில் தொகுதி, ரெண்டுலயும் மின்சுமை கிடையாது. ஆனா பிஎச் 7-ஐ ஒட்டின தண்ணீர்ல அப்படியொரு கிளைசினைத் தேடிப் பிடிக்கிறதே கஷ்டம். கார்பாக்சில் தன் புரோட்டானை விட்டுட்டு எதிர்மின்சுமையோட நிற்கும். அமினோ ஒரு புரோட்டானை வாங்கிக்கிட்டு நேர்மின்சுமையோட நிற்கும். படிகத்துலயும் இதே கதைதான். அசிட்டிக் அமிலத்தோட கார்பன்ல ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலா அமினோ தொகுதியை ஒட்டினா கிளைசின். அசிட்டிக் அமிலம் சுமார் 17 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும். கிளைசினோ 230 டிகிரி வரைக்கும் தாங்கும், அப்புறம் சிதைஞ்சு போகும். உப்புல இருக்கிற மாதிரி எதிரெதிர் மின்சுமைகள் இறுக்கிப் பிடிச்சிருக்கு. படத்துல மின்சுமையே இல்லன்னா இதை எப்படி விளக்கறது? முடியாது. அதனாலதான் 'இயல்புகள்'னு தனியா ஒரு பட்டியல் போட்டு, அதையும் உருப்போடச் சொல்றாங்க.

ஒரு ஹைட்ரஜன் இடம் மாறினா என்ன பெரிய வித்தியாசம்னு கேட்கலாம். டிஎன்ஏ காரங்களோட கதை அதுக்குப் பதில் சொல்லும். 1953 பிப்ரவரியில கேம்பிரிட்ஜ்ல ஜேம்ஸ் வாட்சன் அடினினோட அடினின், குவானினோட குவானின்னு ஜோடி சேர்த்துப் பார்த்துக்கிட்டிருந்தார். குவானினையும் தைமினையும் அவர் வரைஞ்சது ஈனால் வடிவத்துல. அன்னைக்குப் புத்தகங்கள்ல இருந்தது அதுதான். அதே அறையில உட்கார்ந்திருந்த ஜெர்ரி டோனஹ்யூ, அந்தப் படங்களுக்குச் சரியான ஆதாரம் இல்ல, கீட்டோ வடிவத்தை எடுத்துக்கங்கன்னு சொன்னார். ஈனால்ல ஆக்சிஜன் மேல ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். கீட்டோவுல அது பக்கத்து நைட்ரஜனுக்குப் போயிடும். அதாவது ஹைட்ரஜன் பிணைப்புல கொடுத்த இடம் வாங்கும், வாங்கின இடம் கொடுக்கும். திருத்தின வடிவத்துல அட்டைகளை வெட்டி மேசையில நகர்த்தினப்போ அடினின்–தைமின் ஜோடியும் குவானின்–சைட்டோசின் ஜோடியும் ஒரே அளவுல வந்து நின்னுச்சு. ஏப்ரல் 25 'நேச்சர்' கட்டுரையிலயே டோனஹ்யூவுக்கு நன்றி இருக்கு.

இத்தனைக்கும் பிறகும் தேர்வுல காரங்களோட வளையத்தை வரையச் சொல்றாங்களே தவிர, எந்த அணு ஹைட்ரஜனைக் கொடுக்கும், எது வாங்கும்னு குறிக்கச் சொல்றது அபூர்வம். குறிக்கத் தெரிஞ்சா, எது எதோட சேரும்னு தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

ஹிஸ்டிடின் நிலைமை இன்னும் பரிதாபம். லைசின், ஆர்ஜினினோட சேர்த்து 'காரத்தன்மை' பெட்டியில போட்டு மூடிடறாங்க. அதோட பக்கச் சங்கிலியின் பிகேஏ சுமார் 6. பிஎச் 7-ல பெரும்பாலும் மின்சுமை இல்லாமத்தான் இருக்கும்; லேசா அமிலத்தன்மை கூடினா புரோட்டானை வாங்கிக்கும். கைமோட்ரிப்சின் மாதிரி நொதிகள் புரோட்டானைக் கைமாத்த ஹிஸ்டிடினை வெச்சிருக்கறதுக்குக் காரணமே இந்த ரெண்டுங்கெட்டான் குணம்தான். பெட்டியில அதுக்கு இடமில்ல.