யாருடைய பள்ளி?

நம் மாவட்டத்துப் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப் பலகையில் புனிதர் ஒருவரின் பெயர் பெரிய எழுத்திலும், 'அரசு உதவி பெறும் பள்ளி' என்னும் தொடர் சிறிய எழுத்திலும் அமைந்திருக்கக் காண்கிறோம். பெரிய எழுத்தைப் பற்றி நூற்றாண்டு விழா மலர்கள் நிறையப் பேசியிருக்கின்றன. சிறிய எழுத்தைப் பற்றிய பேச்சோ மிகக் குறைவு. ஆயினும் ஒரு பள்ளி யாருடையது, அது யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை அந்தச் சிறிய எழுத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதைத் திறனாய்வுக் கண்கொண்டு படித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

குமரி மாவட்டத்துப் பள்ளிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது அரசுப் பள்ளி. பிற மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என வழங்குவது, திருவிதாங்கூர் மரபின் காரணமாக இங்கே அரசு தொடக்கப்பள்ளி என்றே வழங்குகிறது. பணமும் அரசினுடையது; நிருவாகமும் அரசினுடையது. இரண்டாவது சுயநிதிப் பள்ளி. பெற்றோரின் கட்டணமே அதன் நிதி. அறக்கட்டளையோ சபையோ தனியாரோ அதன் நிருவாகி. மூன்றாவதுதான் அரசு உதவி பெறும் பள்ளி. நிலமும் கட்டடமும் ஒருவருடையவை. ஆசிரியர் ஊதியம் மற்றொருவருடையது. ஆசிரியரை நியமிப்பவர் நிருவாகி. அந்நியமனத்துக்கு ஒப்புதல் தருபவர் கல்வி அலுவலர். முதலிரண்டு வகைகளில் பணம் தருபவரும் ஆள்பவரும் யார் என்பது தெளிவு. மூன்றாவதில் மட்டும் உரிமை பங்கிடப்பட்டிருக்கிறது. பங்கிடப்பட்ட உரிமையில் பொறுப்பு நழுவிப் போவதற்கும் இடமிருக்கிறது.

இப்பங்கீடு நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணையிட்டதாக வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதே அரசி, நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் தொடங்கிய செமினரிக்கென 5,000 ரூபாய் வழங்கினார். அப்பணத்தில் நெல்வயல்கள் வாங்கப்பட்டன. வயலின் வருவாய் பள்ளியை நடத்தியது. அரசின் பணம், மிஷனின் நிருவாகம், நாஞ்சில் நாட்டு நெல் என்னும் இம்மூன்றும் சேர்ந்ததை நம் மண்ணின் முதல் உதவி பெறும் பள்ளி எனலாம்.

ஆனால் அந்த ஆணையின் சொல்லழகை மட்டும் பார்த்து மயங்கலாகாது. 'மக்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்கினர் என்று கேட்க வேண்டும். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் கதவு திறக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அய்யன்காளி தென் திருவிதாங்கூரில் போராட வேண்டியிருந்தது. அரசின் பள்ளி ஒதுக்கியவர்களுக்கு மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் மிஷன் பள்ளிகளே இடம் தந்தன. கத்தோலிக்கப் பங்குகளிலும் ஆலயத்தை ஒட்டிப் பள்ளி எழுந்தது. மீன்பாட்டில் ஆலயத்துக்கென ஒதுக்கிய பங்கும், உள்நாட்டு ஊர்களின் பிடியரிசியும், மக்களின் உடலுழைப்பும் அச்சுவர்களில் கலந்திருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டம் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

பணம் தருபவர் ஆளவும் விரும்புவார் என்பது இயல்பு. 1945-இல் திவான் சி. பி. இராமசாமி ஐயரின் அரசு தொடக்கக் கல்வியைத் தன் கைக்குள் கொண்டுவர முனைந்தபோது, சங்கனாச்சேரி ஆயர் ஜேம்ஸ் காளாச்சேரி சுற்றுமடல் எழுதி எதிர்த்தார். பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி அரசில் பனம்பிள்ளி கோவிந்த மேனனின் திட்டம் தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை அரசின் பொறுப்பாக்கியது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தோம். அடுத்த ஆண்டே கேரளத்தில் கல்வி மசோதா வந்தது. 1958-இல் உச்ச நீதிமன்றம் அதை ஆராய்ந்து கருத்துரைத்தது. 1959 சூலை 31 அன்று அவ்வரசே கலைக்கப்பட்டது. எல்லைக்கோடு சற்று வேறாக விழுந்திருந்தால் நம் பள்ளிகளும் அப்புயலில் நின்றிருக்கும். அந்த 1958 கருத்துரையில் நாம் மறக்கலாகாத ஒன்று உண்டு: நிருவகிக்கும் உரிமை, சீர்கேடாக நிருவகிக்கும் உரிமையாகாது.

இனி, நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவைப் பார்ப்போம். சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிருவகிக்கவும் உரிமையுடையவர் என்கிறது அது. இதில் இரு வினைச்சொற்கள் இருக்கின்றன. நிதி பெறுதல் என்னும் மூன்றாவது வினை இல்லை. உதவி வழங்கும்போது சிறுபான்மை நிருவாகம் என்பதற்காக வேற்றுமை காட்டலாகாது என்று மட்டுமே இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. உதவி பெறுவது அடிப்படை உரிமையன்று, சிறுபான்மை நிறுவனத்துக்கும் அவ்வாறே என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இவற்றைவிட முக்கியமானது அத்தொடரின் எழுவாய். உரிமை தரப்பட்டிருப்பது சிறுபான்மையினருக்கு, அதாவது ஒரு சமூகத்துக்கு. தாளாளர் என்றோ மேலாளர் என்றோ அங்கே சொல் இல்லை. நடைமுறையில் நாம் அந்த எழுவாயை மாற்றிவிட்டோம். உரிமைக்கு ஆபத்து என்றால் மக்களைத் தெருவுக்கு அழைக்கிறோம். நிருவாகம் என்று வந்தால் மக்களை வெளியே நிறுத்துகிறோம். இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவது பகைமையாகாது.

தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1973-ஆம் ஆண்டுக்குரியது. பின்னாளில் அதில் சேர்ந்த ஒரு பிரிவு, 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கும் தனியார் பள்ளிக்கோ வகுப்புக்கோ மானியம் இல்லை என்றது. 2018-ஆம் ஆண்டின் புதிய சட்டம் பழையதன் இடத்துக்கு வந்தபின்னும் அந்த ஆண்டு இட்ட கோடு அழியவில்லை. அதன் விளைவைப் பல ஊர்களில் ஒரே மதிலுக்குள் காணலாம். ஒருபுறம் பழைய ஓட்டுக் கட்டடத்தில் உதவி பெறும் தமிழ்வழி வகுப்புகள். மறுபுறம் புதிய மாடிக் கட்டடத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பள்ளி. இரண்டுக்கும் காவலர் ஒரே புனிதர், நிருவாகமும் ஒன்றே. வசதியுள்ள கத்தோலிக்கர் பிள்ளைகளை மாடிக்கு அனுப்புகிறோம். பழைய கட்டடம் இயல்பாகவே ஏழையின் பள்ளியாகிவிடுகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரியாகிறது. பணியிடம் போனால் பள்ளி தேய்கிறது. அரசின் கோடு இதற்கு ஒரு காரணம். நம் விருப்பம் மற்றொரு காரணம்.

இந்த ஏழைப் பள்ளியின் பிள்ளைக்கு இருபுறமும் இழப்பு. 2020-இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த சட்டம், அரசுப் பள்ளி மாணவரை மட்டுமே கருதியது. அதே வறுமையோடு உதவி பெறும் பள்ளியில் படித்தவர் அதில் சேர்க்கப்படவில்லை. 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு 2024 சூலையிலும், நகர்ப்புறத்தவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும்தான் வந்தது. பசி நிருவாகம் பார்த்து வருவதில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் நாம் இதற்காக எழுப்பிய குரலையும், நியமன உரிமைக்காக எழுப்பும் குரலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் அக்கறையின் அளவு நமக்கே விளங்கும்.

அரசின் தலையீட்டைப் பெருக்கினால் எல்லாம் சரியாகும் என்று கருதுவோரும் உண்டு. அதை ஏற்பதற்கில்லை. ஆட்சிக்கு ஆட்சி மாறும் விருப்பத்துக்கு ஏற்ப ஆசிரியரை மாற்றும் பள்ளியில், ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு இடம் நிலையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1817-க்குப் பிந்தைய நூறாண்டு வரலாறே அதற்குச் சான்று. நிருவாக உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் அதை நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் காக்க இயலாது. நியமனத்துக்கு நன்கொடை கேட்கப்படுகிறது என்னும் முணுமுணுப்பு தமிழகமெங்கும் உதவி பெறும் பள்ளிகளைச் சுற்றி உலவுகிறது. அது உண்மையாயின் நாணத்தக்கது. பொய்யாயின், வெளிப்படையான தேர்வு முறையொன்றே அதற்குத் தக்க மறுப்பு.

வழி நம் திருச்சபையின் ஏடுகளிலேயே இருக்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மைக் கல்வியாளர் என்றும், கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாக ஏழையர்மீது கருத்துச் செலுத்த வேண்டும் என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றிய அறிக்கையில் உரைத்தது. பள்ளிதோறும் பெற்றோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு மதிக்கப்பட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 796-ஆம் விதி கூறுகிறது. ஆண்டுவிழாவில் நாற்காலி போடுவதும் நன்கொடைச் சீட்டு விற்பதும் மட்டும் இவ்விதி நினைத்த பணியாகா. பள்ளியின் ஆண்டு வரவுசெலவு பங்கு மக்கள்முன் படிக்கப்படட்டும். காலிப் பணியிடமும் தேர்வு முறையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். சுயநிதிப் பள்ளியின் மிகுதி வருவாயில் ஒரு பங்கு அதே மதிலுக்குள் இருக்கும் பழைய கட்டடத்தின் ஓட்டை மாற்றப் பயன்படட்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தாளாளரின் மனமும், கேட்கத் தயங்காத பொதுநிலையினரின் துணிவும் போதும்.

பிடியரிசி தந்த தாய், அது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டதில்லை; கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இன்று அவள் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால் அதை நன்றி கெட்டதனம் என்று ஒதுக்கலாகாது. அப்பள்ளி கற்றுத் தந்த கல்வியின் பயன் அது.